பழுப்பு நிலக்கரியும் காத்திருந்த நிலமும்

அரியலூர் மாவட்டம் செயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் செம்மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி படிந்திருக்கிறது. நெய்வேலிப் பகுதியிலிருந்து தெற்கே நீளும் பெரும்படுகையின் ஒரு பகுதி அது. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டு மண்ணுக்குள்தான் உள்ளது. அதை நம்பி 1990களில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இணைந்த பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. சுரங்கம் மட்டும் தோண்டப்படவே இல்லை. ஒரு தலைமுறை கழிந்த பின், திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் கோப்புகளில் அது ஒத்திவைக்கப்பட்ட திட்டம். ஊரார் வாயில் கிடப்பில் போட்ட திட்டம்.

ஒரு திட்டம் ஒத்திவைக்கப்படும்போது எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை அந்தக் கரியின் இயல்பே நமக்குக் காட்டிவிடும்.

பழுப்பு நிலக்கரி தாவரங்களின் எச்சம். நீர் தேங்கிய சதுப்புகளில் மரஞ்செடிகள் மடிந்து விழுந்தன. உயிர்வளி எட்டாத சேற்றில் அவை முற்றும் மட்கிப் போகாமல் எஞ்சின. மேலே மணலும் களியும் அடுக்கடுக்காகப் படிந்து அழுத்த, உள்ளிருந்த நீர் சிறுகச் சிறுகப் பிழியப்பட்டது. ஆயினும் அந்தப் பிழிவு முழுமை பெறவில்லை. புதிதாக வெட்டிய பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி இன்றும் நீர்தான். கையில் எடுத்தால் ஈரம் தட்டும். சில துண்டுகளில் மரத்தின் நார்வரிகூடத் தெரியும். வெயிலில் விட்டால் வெடித்து உதிரும். குவித்து வைத்தால் காற்றின் உயிர்வளியை ஈர்த்துத் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். வெட்டியெடுத்த பின் அதற்குப் பொறுமை கிடையாது. வெட்டாதவரையிலோ, நூறாண்டு தள்ளிப்போட்டாலும் அதில் குன்றிமணி அளவும் குறையாது.

இந்த ஈரமே திட்டத்தைப் பெரிதாக்குகிறது. நல்ல கருநிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிகூடத் தராத பொருளைத் தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் கட்டுப்படியாகாது. பாதி வாடகை நீருக்கே போய்விடும். ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் எழ வேண்டும். சுரங்கமும் மின் நிலையமும் மேல்மண்ணைக் கொட்டும் மேடும் ஒரே நேரத்தில் இடம் கேட்கின்றன. சிறிதாகத் தொடங்கிப் பார்த்துப் பின் பெருக்கலாம் என்ற வழி இங்கே இல்லை.

நீரின் கதை இன்னும் கடுமையானது. நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது பொறியாளர்களை மலைக்க வைத்தது கரியன்று, கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்டிருந்த ஊற்றுநீர். மேலிருக்கும் மண்ணின் எடையை அகற்றினால் அந்த நீர் சுரங்கத்தின் தரையை உடைத்துக்கொண்டு பொங்கும். எனவே ஆழ்குழாய்கள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்கிவிட்ட சுரங்கத்தை நினைத்தபோது ஒத்திவைக்க இயலாது. அப்படி இறைக்கும் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் உரியது என்பதை நாம் மறக்கலாகாது.

நிலத்தின் மேற்பரப்பில் நடப்பது வேறு. செயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளின் செம்மண் முந்திரிக்குப் பேர்போனது. முந்திரி ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். முழு விளைச்சலுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். பத்து, இருபது ஆண்டுக் கணக்கை மனத்தில் வைத்தே உழவர் அதை நடுகிறார். நாளை சுரங்கம் வருமா, வராதா என்று தெரியாத காட்டில் எவர் கன்று நடுவார்? அரசின் பெயருக்குப் போன நிலத்தை அடகு வைத்துக் கடன் பெற முடியாது, விற்க முடியாது, பாகம் பிரித்துப் பதிய முடியாது. இழப்பீட்டை உயர்த்தக் கோரிய வழக்குகளோ ஆயிரக்கணக்கில் பெருகின. கரி காத்திருந்ததற்கான விலையை உழவரே செலுத்தினர் என்பதே என் கணிப்பு.

பெரம்பலூர் மாவட்டத்திலும் இதே வரலாறு உண்டு. திருமாந்துறையை ஒட்டிச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று சுமார் 3,000 ஏக்கர் பெறப்பட்டது; எண்ணிய ஆலைகள் எழாமலே ஆண்டுகள் கழிந்தன.

பிழை வரிசைமுறையில் இருக்கிறது. துளையிட்டுப் படுகையை அளப்பதும், ஊற்றுநீரின் அழுத்தத்தைச் சோதிப்பதும், முதலீட்டை உறுதிசெய்வதும் முன்னே நிற்க வேண்டியவை. நிலம் கடைசியில் வர வேண்டும். நம் நாட்டில் நிலமே முதலில் எடுக்கப்படுகிறது. அதிகாரத்துக்கு எளிதாகக் கைகூடும் பகுதி அதுதான். 2014 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஐந்தாண்டுகள் பயன்படுத்தாத நிலம் பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. அந்த 'அல்லது' நீக்கப்பட்டு, உரிமையாளர் பெயர் மட்டும் நிற்பதே முறை.

2023 மார்ச்சு இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் விட்ட ஏல அறிவிப்பில் அரியலூர் மாவட்டத்தின் மைக்கேல்பட்டிப் பகுதி இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. கரி அங்கேயே இருக்கிறது. கேட்டு வருவோர் இனியும் வரலாம்.

செயங்கொண்டத்தில் நிலத்தைத் திருப்பித் தரும் பணி ஓர் அரசாணையோடு முடிவதன்று. நிலத்தைக் கொடுத்த காலத்தில் ஒருவர் பெயரில் இருந்த காணிக்கு இன்று நான்கைந்து வாரிசுகள் இருக்கலாம். சிலர் வெளியூரில் இருப்பர். எல்லைக் கற்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வாரிசுச் சான்று, உட்பிரிவு அளவை, பட்டா மாறுதல் ஆகிய மூன்றையும் ஊர் ஊராக முகாமிட்டு, உழவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையவிடாமல் முடித்துத் தர வேண்டும். அதையாவது ஒத்திவைக்காமல் செய்யட்டும்.