உள்ளே போன பி1 எங்கே போகிறது?

"கால் மரத்துப்போகுது டாக்டர். மூணு மாசமா நரம்பு மாத்திரை போடுறேன், கேட்கலை" என்று தள்ளாடி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரையை எழுதிக் கொடுத்தது யார்? மருந்துக்கடைக்காரர். அட்டையைத் திருப்பினால் வெறும் பி12. குறைந்திருப்பதோ பி1, அதாவது தயமின். உடலில் அதன் கையிருப்பு 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்கு மூன்று மாதமா காத்திருப்பது?

'பச்சையாகத் தின்றால்தான் சத்து'

இந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெண்டை வகை மீன்கள் சிலவற்றிலும் சிப்பிகளிலும் பெரணிகளிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தயமினை அது இரண்டாக அறுத்துவிடும். கூடச் சாப்பிடும் சோற்றில், பருப்பில் இருக்கும் பி1ஐயும் விட்டுவைக்காது. மீனை நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் நம் மீன் குழம்பைக் கண்டு பயப்பட வேண்டாம். பூனைக்குத் தினமும் பச்சை மீன் மட்டுமே போடுகிறவர்கள் யோசியுங்கள். தலை தொங்கி, வலிப்பு வந்த பூனைகள் உண்டு.

1861இல் ஆஸ்திரேலியாவின் கூப்பர் ஓடைக்கரையில் பர்க், வில்ஸ் என்ற பயணிகள் நார்டூ என்னும் நீர்ப்பெரணியை இடித்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, உடல் ஓய்ந்தது, இருவரும் இறந்தார்கள். இந்த நொதியும் ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்த மண்ணின் பழங்குடிகளுக்கோ நார்டூ காலங்காலமான உணவு. பக்குவம் அவர்களுக்குத் தெரியும். நார்டூ நம் ஆரைக்கீரையின் இனம். யாரோ அனுப்பிய காணொளியை நம்பி, சர்க்கரைக்கு நல்லதென்று அதைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடிக்காதீர்கள்.

'டீதானே, என்ன செய்யும்?'

தேயிலையிலும் பாக்கிலும் இருப்பது நொதியல்ல, துவர்ப்புப் பொருள். அதுவும் தயமினைக் கெடுக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட கையோடு டீயும் வெற்றிலை பாக்கும் என்கிற பழக்கத்தை விடுங்கள். தீட்டிய பச்சரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டும் வீட்டில் இழப்பு இன்னும் கூடும். புழுங்கலரிசியில் பி1 ஓரளவு தங்கும்.

'குளுக்கோஸ் ஏத்தினா சரியாயிடும்'

ஆகாது. சர்க்கரையை எரிக்கவே தயமின் வேண்டும். அது வற்றிய உடம்பில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, மூளை பாதிக்கப்படலாம். கண் அலைபாயும், நடை தடுமாறும், பேச்சு குழம்பும். குடிப்பழக்கம் உள்ளவர்களையும், வாரக்கணக்கில் வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகளையும் இந்த நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்காது.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்று வெறும் ரசம் சோற்றில் வைக்காதீர்கள். தாய்க்கு பி1 இல்லையென்றால் பாலிலும் இருக்காது, குழந்தையின் இதயம் தாங்காது. பயறு, நிலக்கடலை, முட்டை கொடுங்கள். வீட்டில் குடிக்கிறவர் இருந்தால், டிரிப்ஸ் போடும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். எதை முதலில் ஏற்றுவது என்று நாங்கள் முடிவு செய்வது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.