உடலுக்கேற்ற கிடங்குக் கருவிகள்

கிடங்கில் சரக்கைத் தூக்கி, நகர்த்தி, அடுக்கும் கருவிகள் அவற்றை இயக்குபவரின் உயரம், கை எட்டும் தூரம், தசை வலிமை, பார்வைக் கோணம் ஆகியவற்றுக்குப் பொருந்த வேண்டும். இதை ஆராயும் துறையே எர்கோனாமிக்ஸ். ஃபோர்க்லிஃப்ட், சரக்குப் பலகையைக் கையால் தள்ளி நகர்த்தும் பேலட் டிரக், சரக்கை உயர அடுக்கும் ஸ்டேக்கர் ஆகியவை முதுகின் பாரத்தைக் குறைக்க வந்தவை. அமைப்பு பொருந்தாவிட்டால் அந்தப் பாரம் கழுத்துக்கும் தோளுக்கும் இடம் மாறிவிடும்.

புதுச்சேரியில் சரக்கைத் தூக்கி நகர்த்தும் வேலை நெடுங்காலம் மனித உடலை நம்பியே நடந்தது. பிரெஞ்சு ஆட்சியில் சுற்றுவட்டாரத்து மணிலாக்கொட்டை பிரான்சின் மார்சேய் வரை ஏற்றுமதியானது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட, சரக்கு படகுகளில் போய்ச் சேர்ந்தது. 1866-இல் இரும்புக் கடற்பாலம் வந்த பிறகும் மூட்டை சுமந்தவை தொழிலாளர்களின் தோள்களே. 1952 புயலில் அந்தப் பாலம் அழிந்தது. இன்று மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளே நகரின் சரக்கு நடமாட்டத்துக்கு முக்கிய இடங்கள்.

கையால் தூக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கீட்டின்படி, எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போது தூக்கத்தக்க உச்ச எடை 23 கிலோ. சுமை உடலைவிட்டு விலகினாலோ, இடுப்பைத் திருப்பித் தூக்க நேர்ந்தாலோ இந்த அளவு இன்னும் குறையும். ஒரு சிமென்ட் மூட்டையோ 50 கிலோ. இந்த இடைவெளியை நிரப்பத்தான் கருவி தேவைப்படுகிறது.

கை பேலட் டிரக்கில் கவனிக்க வேண்டியவை சக்கரமும் கைப்பிடியும். சக்கரம் தேய்ந்தாலோ, கடற்காற்றின் உப்பில் பேரிங் துருப்பிடித்தாலோ, தள்ளத் தேவைப்படும் விசை கூடும். தள்ளும்போது உடல் எடையே உதவிக்கு வருகிறது. இழுக்கும்போது முதுகு முறுகுகிறது, சக்கரம் காலில் ஏறும் ஆபத்தும் உண்டு. அடுக்கின் உயரத்துக்கேற்ப ஏறி இறங்கும் தூக்கு மேசை இருந்தால், தரையிலிருந்து குனிந்து எடுக்கும் வேலையே இல்லாமல் போகும்.

ஃபோர்க்லிஃப்டில் முதல் சிக்கல் அதிர்வு. கார், லாரியில் இருப்பதுபோன்ற ஸ்பிரிங் அமைப்பு பெரும்பாலான ஃபோர்க்லிஃப்டுகளில் கிடையாது. டயர்களும் பல இடங்களில் கெட்டி ரப்பர். தரையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக ஓட்டுநரின் முதுகெலும்பில் இறங்குகிறது. அவரது எடைக்கேற்பச் சரிசெய்யக்கூடிய அதிர்வுதாங்கி இருக்கை இதற்கு ஒரு தீர்வு. உடைந்த தரையைப் பூசுவது அதைவிட அடிப்படையான தீர்வு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இயற்றிய விதி, எட்டு மணி நேர வேலைக்கு உடலதிர்வு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே வகுத்தது.

அடுத்தது பார்வை. உயரமான சரக்கு முன்னால் மறைத்தால், ஓட்டுநர் பின்னோக்கியே ஓட்ட வேண்டும். அப்போது கழுத்தும் இடுப்பும் நெடுநேரம் திரும்பியே இருக்கின்றன. சற்றே சுழலும் இருக்கை, பின்புறக் கைப்பிடி, கேமரா, பார்வையை மறைக்காத மாஸ்ட் (முன்புறத் தூக்குக் கம்பம்) ஆகியவை இந்தச் சிரமத்தைக் குறைக்கும். லிவர்கள் கைத்தாங்கியின் முனையில் இருந்தால் தோளைத் தூக்காமல் விரலாலேயே இயக்கலாம். ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்குபவரின் முழங்காலைக் காக்கத் தாழ்ந்த படிக்கட்டு வேண்டும்.

வெளிநாட்டு உடலளவுக்கு வடிவமைத்த பெடலும் இருக்கையும் நம் ஓட்டுநருக்கு எட்டாமல் போகலாம். இந்தியர்களின் உடலளவுகளைத் தொகுத்த தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. உள்நாட்டு வடிவமைப்பாளர்களுக்கு அது அடிப்படைக் கையேடு.

புதுச்சேரியின் புழுக்கமும் கணக்கில் வர வேண்டும். தகரக் கூரையின் கீழ் டீசல் வண்டியின் சூடும் புகையும் களைப்பைக் கூட்டும். பேட்டரி வண்டியில் புகை இல்லை. வாங்கும் முன் வண்டியை ஓட்டப்போகிறவரையே அதில் உட்கார வைத்து, எட்டாதது எது, மறைவது எது என்று கேட்பதே சரியான முறை. விலைப்பட்டியலில் தெரியாத குறைகளை முதலில் உணர்பவர் அவரே.