பாம் ஸ்பிரிங்ஸ்: ஒரு மலை உண்டாக்கிய சுற்றுலா நகரம்

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரத்தை விளம்பரங்களில் பார்த்தவர்களுக்கு நீச்சல் குளமும் கோல்ஃப் மைதானமும்தான் நினைவுக்கு வரும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். மார்கழிக் குளிரிலும் வெயில் காயலாம். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது ஊருக்கு மேற்கே சுவர்போல எழுந்து நிற்கும் சான் ஹசின்டோ மலையைத்தான். மற்றவை எல்லாம் அந்த மலையிலிருந்தே தொடங்குகின்றன.

மலையின் உயரம் 3,302 மீட்டர். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்களை அது தடுத்துவிடுவதால், மழை மேற்குச் சரிவிலும் உச்சியிலுமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிழக்கே அடிவாரத்தில் இருக்கும் ஊருக்குக் கிடைப்பது வறண்ட காற்றும் தெளிந்த வானமும்தான். பாலை உண்டானதும் இதனால்தான்; பிற்காலத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் வெயிலைத் தேடி வந்ததும் இதனால்தான். வடக்கே சான் கோர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளுக்கும் காரணம் அதே மலைதான். பாலை சூடேறி அங்குள்ள காற்று மேலெழும்போது, கடற்கரைப் பக்கத்துக் குளிர்காற்று இரு மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் குறுகிய வழியாகப் பாய்ந்து வருகிறது.

மலையேறுவதற்கு ரோப் கார் இருக்கிறது. மின்பொறியாளர் ஃபிரான்சிஸ் கிராக்கர் 1935-இல் கண்ட கனவு, 1963-இல் நனவாயிற்று. செங்குத்தான பள்ளத்தாக்கில் ஐந்து கோபுரங்களை நிறுத்த வேண்டியிருந்தது. அவற்றில் நான்குக்கு ஆட்களும் பொருட்களும் ஹெலிகாப்டரில்தான் போய்ச் சேர்ந்தன. 805 மீட்டர் உயரத்தில் ஏறினால், சுமார் பத்து நிமிடத்தில் 2,596 மீட்டர் உயரத்தில் இறங்கலாம். 2000-ஆம் ஆண்டு முதல் ஓடும் புதிய பெட்டிகளின் தளம் போகும் வழியிலேயே இரண்டு முறை முழுச்சுற்று சுற்றுகிறது; இடம் பிடிக்க யாரும் முண்டியடிக்க வேண்டியதில்லை. கள்ளிச்செடிகளுக்கு நடுவே கிளம்பியவர்கள் பைன் காட்டில் போய் இறங்குகிறார்கள். கீழே இருந்ததைவிட மேலே பதினைந்து, இருபது டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும். பனிக்காலமென்றால் காலையில் பனியில் சறுக்கிவிட்டு மாலையில் கீழே குளத்தில் நீந்தலாம். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால், அதை இங்கே செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பள்ளத்தாக்குகள் வழியே கீழே வருகின்றன. பாம், ஆண்ட்ரியாஸ், முர்ரே ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளிலும் ஓடைக்கரை நெடுகக் கலிஃபோர்னியா விசிறிப்பனைகள் நிற்கின்றன. நம் பனையைப் போலவே விரிந்த ஓலை. காய்ந்த ஓலைகள் உதிராமல் அடிமரத்தைப் பாவாடைபோல் சுற்றித் தொங்கும். தாகிட்ஸ் பள்ளத்தாக்கின் கோடியில் 18 மீட்டர் அருவி ஒன்று விழுகிறது. பாலைக்கு நடுவே நீரின் இரைச்சலைக் கேட்க அங்கே நடந்தே போக வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்குகளின் நுழைவுக் கட்டணம் போவது நகராட்சிக்கு அல்ல, அகுவா கலியன்டே கவீயா பழங்குடியினருக்கு. நிலம் அவர்களுடையது. ஊருக்குப் பெயர் தந்த வெந்நீர் ஊற்றும் அவர்களுடையதே. ரயில் பாதை வந்த காலத்தில் அமெரிக்க அரசு இந்த நிலத்தைச் சதுர மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண்ணுள்ளவற்றை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. 1870-களில் இரட்டைப்படைக் கட்டங்கள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டன. இன்றும் ஊரின் வரைபடம் சதுரங்கப் பலகையாகவே இருக்கிறது. பல ஹோட்டல்களும் வீடுகளும் குத்தகை நிலத்தில் நிற்கின்றன.

1959-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சட்டம் வழிவிட்டதும் நகர மையத்திலிருக்கும் 14-ஆம் கட்டத்தின் மதிப்பு எகிறியது. அங்கே குடியிருந்தவர்கள் ஹோட்டல்களிலும் பணக்கார வீடுகளிலும் உழைத்த கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கர்களும். அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. அதில் நகராட்சிக்கும் பங்கு இருந்தது. 2021-இல் நகரசபை மன்னிப்புக் கேட்டது. 2024-இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. இந்த ஊரைச் சுற்றிப் பார்க்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். அதே கட்டத்தில் பழங்குடியினர் 2023-இல் தங்கள் அருங்காட்சியகத்தையும், ஊற்று நீரிலேயே குளிக்கும் வெந்நீர்க் குளியலகத்தையும் திறந்திருக்கிறார்கள்.

கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஊர் முழுக்கவே காட்சிதான். ரிச்சர்ட் நியூட்ரா 1946-இல் கட்டி முடித்த காஃப்மன் இல்லம் தனியார் வீடு. தெருவிலிருந்து பார்ப்பதோடு சரி. கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்த ஆல்பர்ட் ஃபிரே வரைந்த பெட்ரோல் பங்க், கூரை வானை நோக்கிக் கூராக நீள, இப்போது சுற்றுலாத் தகவல் மையமாக இருக்கிறது. பிப்ரவரியில் நடக்கும் மாடர்னிசம் வாரத்தில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் வீடுகள் சில திறக்கும்.

கோல்ஃப் விஷயத்தில் எனக்கு மனத்தடை உண்டு. இந்த ஊரை உள்ளடக்கிய கோச்செல்லா பள்ளத்தாக்கில் நூற்றுக்கு மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன. பாலையில் அவ்வளவு புல்லுக்கு நிலத்தடி நீர் தாங்காது. அதை ஈடுகட்ட 1970-களிலிருந்து கொலராடோ ஆற்று நீரை ஊருக்கு வடமேற்கே குட்டைகளில் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். அந்த ஆறே வற்றிக்கொண்டிருக்கும்போது, பச்சைப் புல்லைப் பார்த்து மகிழ முடியவில்லை.

போவதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஏப்ரலில் பக்கத்து இண்டியோவில் கோச்செல்லா இசைவிழா நடக்கும் வாரங்களில் அறை வாடகை ஏறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கோடையில் அறைகள் மலிவு, ஆனால் வெயில் உயிரை வாங்கும். 2024 ஜூலை 5 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கோடை மாதங்களில் பள்ளத்தாக்குகளும் வாரக்கடைசியில்தான் திறந்திருக்கும். கோடையில் போயே ஆக வேண்டுமென்றால், விடியற்காலையிலேயே நடையை முடித்துக்கொண்டு, நண்பகலுக்கு ரோப் காரில் ஏறி மேலே போய்விடுங்கள்.