பரிசம் கொடுக்கும் ஆண் பூச்சி

விந்தணு மலிவு, முட்டைக்குச் செலவு அதிகம். ஆகவே ஆண் அலையும், பெண் தேர்ந்தெடுக்கும். உயிரியலில் நெடுநாளாகப் புழங்கும் இந்தக் கணக்கு, அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வாழும் மார்மன் கிரிக்கெட்டிடம் எடுபடுவதில்லை. இது பறக்க முடியாத ஒரு வெட்டுக்கிளி வகை.

இணைசேரும்போது இதன் ஆண் விந்தணுவோடு விருந்தும் வைக்கிறது. விந்தணு நிறைந்த சிறு பை, அதன்மேல் புரதம் மிகுந்த கொழகொழப்பான பெரிய உருண்டை. இரண்டையும் சேர்த்துப் பெண்ணின் வயிற்று நுனியில் ஒட்டிவிடுகிறது. பெண் உடலை வளைத்து முதலில் உருண்டையைத் தின்னும். அது முடிவதற்குள் விந்தணு உள்ளே போய்ச் சேர வேண்டும். உருண்டை சிறுத்தால் பெண் சீக்கிரமே விந்துப்பையில் வாய் வைத்துவிடும். கஞ்சத்தனம் காட்ட வழியில்லை.

இந்தப் பொதி ஆணின் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே தடவையில் 17 கிலோவுக்கு மேல் இழப்பதற்குச் சமம்! அடுத்த பொதிக்கு மறுபடி தின்று தேற வேண்டும்.

இவ்வளவு செலவழிப்பவன் ஆளைப் பார்த்துத்தானே கொடுப்பான்? உயிரியலாளர் டாரில் க்வின் 1981இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இதைத்தான். கூட்டம் பெருகி இரைக்குத் தட்டுப்பாடு வந்த இடத்தில், பாடும் ஆணிடம் பெண்கள் முண்டியடித்தன. தன் முதுகில் பெண் ஏறியதும் ஆண் எடை பார்க்கிறது போலும். இலேசான பெண்களைப் பல ஆண்கள் உதறின. கனத்த பெண்ணிடம் முட்டை அதிகம்.

ராக்கி மலைப் பகுதியில் வாழும் சேஜ்பிரஷ் கிரிக்கெட்டின் நிலை இன்னும் கடுமை. இணைசேரும்போது பெண் ஆணின் சதைப்பற்றான பின்னிறக்கைகளைக் கடித்து, வடியும் குருதிநீரைக் குடிக்கும். தின்ற இறக்கை மீண்டும் வளராது. அதன்பிறகு அந்த ஆண் பாடுவது குறையும். இன்னொரு துணை கிடைப்பதும் கடினமாகும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் மகரந்தம் தின்று வாழும் கவனாஃபிலா வெட்டுக்கிளிதான். இரை குறைந்தபோது அதன் பெண்கள் ஆணுக்காகச் சண்டையிட்டன. க்வினும் சக ஆய்வாளர் லீ சிம்மன்ஸும் கூண்டுகளில் உணவைக் கூட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 1990இல் வெளியானது. வயிறு நிறைந்ததும் பரிசம் தயாரிப்பது ஆண்களுக்கு எளிதாயிற்று. அவை ஓயாமல் பாடின. தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களிடம் திரும்பியது.