பஞ்சு வளர்த்த நகரம்

இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் நகரம் பஞ்சினாலே செழித்தது. 1798-இல் மரே சகோதரர் கால்வாய்க் கரையில் எழுப்பிய செங்கல் நூற்பாலை இன்றும் நிற்கின்றது. நீராவியாற் கதிர்கள் சுழன்ற அதன் மாடிகளில் இப்பொழுது மக்கள் குடியிருக்கின்றனர். 1900-இல் திறக்கப்பெற்ற ரைலண்ட்ஸ் நூல் நிலையமோ, பருத்தி வணிகர் ஒருவர்க்கு அவர்தம் மனைவியார் அமைத்த நினைவுச் சின்னமாயினும், காண்போர்க்குப் பேராலயமென்றே தோன்றும்.

எனினும் நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. அந்நகரம் நூற்ற பஞ்சிற் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகள் பறித்தது. 1861-இல் அங்கு உள்நாட்டுப் போர் மூளவே, பஞ்சு வரவு குன்றியது; ஆலைகள் பல மூடின; தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியுற்றன. அந்நிலையிலும் தொழிலாளர் பலர் 1862 டிசம்பர் 31-இல் திரண்டு கூடி, அடிமைத்தனத்தை ஒழிக்குமாறு லிங்கனுக்குக் கடிதம் விடுத்தனர். அதனை உயர்ந்த கிறிஸ்தவ வீரமென வியந்து அவர் வரைந்த மறுமொழியின் பகுதி, அந்நகரில் நிற்கும் அவர்தம் சிலையின் பீடத்திற் பொறிக்கப்பட்டுள்ளது.