வெள்ளமும் வாகனமும் செல்லும் சுரங்கம்

கோலாலம்பூரில் கனமழை பெய்தால் கிள்ளான் ஆறு பெருகி, நகரின் மையப் பகுதியில் திடீர் வெள்ளம் ஏற்படுவதுண்டு. நகருக்குள் நுழையும் சாலைகளிலோ வாகன நெரிசல். இவ்விரு சிக்கல்களையும் ஒருங்கே குறைக்கக் கட்டப்பட்டு, 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதே ஸ்மார்ட் சுரங்கம்.

இதன் நீளம் 9.7 கிலோமீட்டர். நடுப்பகுதியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்திற்கு ஈரடுக்குச் சாலை அமைந்துள்ளது. மிதமான வெள்ளத்தின்போது சாலைக்கு அடியிலுள்ள கால்வாயில் நீர் ஓடும்; மேலே போக்குவரத்து தடைபடாது. பெருவெள்ளம் வந்தாலோ, வாகனங்களை வெளியேற்றிச் சாலையை மூடுவர். அதன் பின்னரே மதகுகளைத் திறந்து, சுரங்கம் முழுவதிலும் நீரை விடுவர்.

இத்தகைய சுரங்கத்தை வடிவமைப்பது எளிதன்று. சாலையின் உயரத்தைக் கூட்டினால் கால்வாய்க்கு இடம் குறையும். கால்வாயைப் பெரிதாக்கினால் சாலையின் உயரம் குறையும். சுரங்கத்தையே அகலமாக்கலாம் என்றால், குழிகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் தோண்டும் ஆபத்தும் செலவும் கூடும்.

எனவே, நீரியல், போக்குவரத்து, நிலவியல் ஆகிய துறைகளின் தேவைகளை ஒன்றாக வைத்து எடைபோட வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பேருந்து, சரக்குந்து போன்ற உயரமான வாகனங்களுக்கு இச்சாலையில் இடமில்லாதது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்வாறு முழு அமைப்புக்கும் ஏற்ற வடிவத்தைக் கண்டறிவதைப் ‘பல்துறை உகப்பாக்கம்’ என்பர்.

ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே சிறந்திருந்தால் போதாது. அவை இணைந்து இயங்கும்போதும் சிறக்க வேண்டும்.