நீங்கள் எடுத்த படம், உங்கள் உழைப்பு

போருக்குப் பின்னர் எங்கள் பெண்கள் தொடங்கிய சுயதொழில்கள் என்றால் தையல், கோழி வளர்ப்பு, மா அரைத்துப் பொதி செய்தல் என்றே பலரும் சொல்வார்கள். கமராவைக் கையில் எடுத்த பெண்களை அதிகம் பேர் கணக்கில் எடுப்பதில்லை. சாமத்திய வீடு, கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று படம் எடுத்துக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் இடத்திலும், மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்தும் அறையிலும் ஒரு பெண் நின்று படம் எடுப்பதைத் தாய்மார் விரும்புகிறார்கள். ஆகவே இத்தொழிலில் பெண்ணுக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

ஆனால் இச்சகோதரிகள் எங்களிடம் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். நிகழ்வு முடிந்தபின் அல்பத்துக்குப் படம் தெரிவு செய்வதற்காக மாதிரிப் படங்களைக் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளர் அவற்றைக் கையடக்கத் தொலைபேசியில் பிடித்து, வெளிநாட்டில் உள்ள உறவினர் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார். பிறகு “எங்களுக்குப் படம் வந்துவிட்டது, அல்பம் வேண்டாம்” என்கிறார். அல்லது ஒரு பிரதியை வாங்கி, வேறு கடையில் ஸ்கேன் செய்து பத்துப் பிரதி அடித்துக்கொள்கிறார். மீதிப் பணம் வருவதில்லை. கேட்டால், “எங்கள் பிள்ளையின் படம்தானே?” என்ற பதில் வருகிறது.

இந்தப் பதிலைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

பிள்ளை அவர்களுடையது, படம் யாருடையது?

முன்னர் பிலிம் சுருளில் படம் எடுத்த காலத்தில் நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே இருக்கும். இன்னொரு பிரதி வேண்டுமானால் திரும்ப அங்கேதான் வரவேண்டும். படம் எடுப்பதற்குக் குறைந்த கூலி வாங்கி, பிரதிகளில் வருமானம் பார்ப்பது அன்றைய வழக்கம். இன்று நெகட்டிவ் இல்லை. ஆனால் பல சகோதரிகள் இன்னும் அந்தப் பழைய கணக்கின்படியே கூலி கேட்கிறார்கள். நட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு படத்தின் விலை அது அச்சான தாளின் விலை அல்ல. கமராவுக்குக் கட்டும் கடன், பஸ் செலவு, விடியற்காலையிலிருந்து நின்ற நேரம், முந்நூறு படத்தில் நாற்பதைத் தெரிந்தெடுத்துக் கணினியில் திருத்திய இரவுகள், இவை எல்லாம் அதில் அடங்கும். தைத்த சட்டையைக் கூலி கொடாமல் யாரும் எடுத்துச் செல்வதில்லை. படத்தைக் கையில் தூக்கிச் செல்லத் தேவையில்லை என்பதால், அதை எடுப்பது களவு போலத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கதை, பாட்டு, ஓவியம் போலவே புகைப்படமும் இச்சட்டத்தின் கீழ் ஒரு படைப்பு. சாதாரண சகோதரி ஒருவர் இதில் அறிந்திருக்க வேண்டியவை சில:

படம் எடுத்த கணத்திலேயே பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. அதற்காக எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, பணம் கட்டவும் தேவையில்லை. இவ்வுரிமை எடுத்தவரின் வாழ்நாளும், அவர் இறந்து 70 ஆண்டுகளும் நீடிக்கும். படத்துடன் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. நீங்கள் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்பவராயின், அந்த வேலையில் எடுக்கும் படங்களின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குரியது. வேலைக்குச் சேரும்போதே இதைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

வெளியிடப்பட்ட ஒரு படைப்பை, முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து, தன் சொந்தத் தேவைக்காக மட்டும் ஒருவர் ஒரேயொரு பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. தெரிவு செய்யக் கொடுத்த மாதிரியைப் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவதும், கடையில் பத்துப் பிரதி அடிப்பதும் இதற்குள் வராது. வேண்டுமென்றே உரிமையை மீறுவது குற்றமாகும். தண்டப்பணமோ சிறையோ விதிக்க இடமுண்டு.

ஆனாலும் ஒரு அல்பத்துக்காக நீதிமன்றம் ஏறுவது எங்களில் எவருக்கும் கட்டுபடியாகாது. அயலவரோடு பகையும் வரும். ஆகவே சட்டத்தை அறிந்து வைத்துக்கொண்டு, பிணக்கு வராதபடி நடப்பதே புத்தி.

படம் எடுக்க முன்னர் செய்ய வேண்டியவை

முதலில், கூலியை இரண்டாகப் பிரியுங்கள். நிகழ்வுக்கு வந்து படம் எடுக்கும் கூலி ஒன்று. அல்பம், பிரதி, பெரிதாக்கிய படம் ஆகியவற்றுக்கான பணம் வேறொன்று. முதலாவது கூலியிலேயே உங்கள் நாள் உழைப்பும் கமராத் தேய்மானமும் அடங்கிவிட வேண்டும். அப்படியானால் அவர்கள் அல்பம் எடுக்காவிட்டாலும் நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, முற்பணம் வாங்கி, கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டு எழுதுங்கள். எத்தனை படம், எத்தனை பிரதி, மீதி எப்போது, மாதிரிப் படங்களைப் பிரதி எடுக்கலாமா, கணினிப் பிரதி வேண்டுமானால் எவ்வளவு என்று நான்கைந்து வரி போதும். இரு பகுதியினரும் கையெழுத்திடுங்கள். சொந்தக்காரரிடம் எழுதி வாங்குவது எப்படி என்று சிலர் கூச்சப்படுவார்கள். சொந்தக்காரரிடம்தான் கட்டாயம் எழுத வேண்டும். உறவு கெடாமல் இருக்கும்.

மூன்றாவது, மாதிரிப் படங்களைச் சிறிதாக்கிக் கொடுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக அச்சாக ஏறத்தாழ 1200க்கு 1800 புள்ளிகள் தேவை. மாதிரியின் நீளப் பக்கத்தை 600 புள்ளிகளாகக் குறைத்தால், தெரிவு செய்வதற்குப் போதும், அச்சடித்தால் கலங்கும். படத்தின் நடுவில், முகத்தை மறைக்காமல், உங்கள் பெயரை மங்கலாகப் போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். மீதிப் பணம் வந்தபின் பெயரில்லாத முழுப் படத்தைக் கொடுங்கள்.

நான்காவது, வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பத்தான் படம் கேட்கிறார்கள் என்றால், அதையே நீங்கள் விற்கலாம். தொலைபேசியில் பார்ப்பதற்கு ஏற்ற இருபது படங்களை ஒரு சிறு தொகைக்குக் கொடுங்கள். மக்களுக்குத் தேவையானதை நியாய விலைக்கு நாமே கொடுத்தால், இரகசியமாகப் பிடிப்பது குறையும்.

இவ்வளவு செய்தும் மீதிப் பணம் வராவிட்டால், பற்றுச்சீட்டோடு உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேட்கலாம்.

நம் பக்கத்துக் கடமை

உரிமை பேசும்போது இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது.

ஒன்று, அந்தப் பிள்ளையின் முகம் உங்கள் விளம்பரப் பலகை அல்ல. தாயிடம் கேட்காமல் சாமத்திய வீட்டுப் படத்தைக் கடை வாசலிலோ முகநூலிலோ போடாதீர்கள். அவர்கள் அனுமதியின்றிப் பிரதி எடுக்கக்கூடாது என்று நாம் கேட்பதானால், நாமும் அனுமதி கேட்க வேண்டும்.

மற்றது, எல்லாப் பிரதியும் ஒன்றல்ல. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு அல்பம்கூட மிஞ்சவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது, அந்தத் தாய்மார் கையில் பிடித்திருந்தவை படங்களே. ஒரு தாய், மகனின் மடிந்துபோன அடையாள அட்டைப் படத்தையோ, எவரோ எடுத்த பள்ளிக்கூடப் படத்தையோ கொண்டுவந்து பெரிதாக்கித் தரும்படி கேட்டால், அங்கே உரிமைக் கணக்குப் பார்க்க வேண்டாம். அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோ இன்று இருக்குமோ தெரியாது. இருந்தாலும் அவரும் மறுக்கமாட்டார். கிழிவைத் திருத்திக் கொடுங்கள். முடிந்தால் ஒரு பிரதியைப் பத்திரமாக உங்களிடமும் வைத்திருங்கள். மீண்டும் தொலைந்தால் வந்து கேட்க ஓர் இடம் வேண்டும்.

சகோதரிகளே, இரக்கத்துக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். ஏமாந்து இழப்பது விருப்பம் அல்ல. அடுத்த நிகழ்வுக்குப் புறப்படும்போது, கமராப் பையில் பற்றரியோடு பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.